எழுபதாம் நாள் வந்த இசைவு

மேல்கரை நாடு முழுதும் ஆளும் கோமான் தித்தவேந்தர் திருமுன்னர், கீழ்கரை அரசி நங்கைப் பெருந்தேவி விடுக்கும் ஓலை. தங்கள் வயலில் நெல்லும் வாயிலில் நீதியும் என்றும் விளைவனவாக.

அணை உடன்படிக்கைக்காகத் தாங்கள் அனுப்பிய தூதர் வேள் சேந்தனாரைக் குறித்து எழுத நேர்ந்தது. வெயிலில் நின்றாலும் மேலாடை நெகிழாதவர். யாம் அமரச் சொன்ன பின்னும் இருமுறை வணங்கியே அமர்பவர். அத்தகையவரை எம் மதகுக் காவலரின் மகள் கொற்றி முதல் நாளே கலங்கடித்தாள். அணையைக் காண வந்தவர் சேற்றுக்கு அஞ்சிப் பல்லக்கிலேயே இருக்கக் கண்டு, "வேளே, ஆறு உம்மிடம் ஏறி வராது, நீர்தாம் இறங்கி வரவேண்டும்" என்றாள். கூடியிருந்தோர் நடுங்கினர். அவரோ முழங்கால் சேற்றில் இறங்கிச் சிரித்தார்.

பின்னர் நாள்தோறும் நீர்மட்டம் அளப்பதாகச் சொல்லி அணைக்கரைக்குப் போனார். எமக்கு வந்த குறிப்புகளிலெல்லாம் ஒரே அளவு.

ஆவணி பிறந்ததும் மணம் எப்போது என்று கொற்றியே கேட்டாள். கோமானின் இசைவின்றி வேளிர் கைப்பிடித்தல் முறையன்று என்றுரைத்து, அவர் தங்களுக்கு ஓலை எழுதினார். "நீர் முறை பார்த்து முடிப்பதற்குள் நான் கிழவியாகிவிடுவேன்" என்று நகைத்தாளாயினும், அவள் காத்திருந்தாள்.

அவ்வோலை சென்ற அறுபத்தொன்றாம் நாள் காலையில் மலைவெள்ளம் வந்தது. மதகுப் பலகை சிக்கிக்கொள்ள, அதை விடுவிக்க இடுப்பில் வடம் கட்டிக் கொற்றி இறங்கினாள். பலகை எழும்பிய கணத்தில், வடம் பிடித்த இருவரில் ஒருவன் வழுக்கி விழுந்தான். "சேந்தரே, பிடியும்!" என்று கரையில் நின்ற அவரை நோக்கிக் கூவினாள். கீழ்கரையின் இசைவின்றி மேல்கரையார் அணைமேல் கால் வைக்கலாகாது என்பது உடன்படிக்கை; அவ்வரியை எழுதியவர் அவரே. அவர் எம் காவற்றலைவரை நோக்கித் திரும்பினார். ஒரு மூச்சு விடும் நேரந்தான். தலைவர் தலையசைக்குமுன் மற்றவன் கையிலிருந்தும் வடம் போயிற்று.

அதன்பின் எவரையும் கேளாமல் ஆற்றில் குதித்தார். ஓடக்காரர் அவரையும் கொற்றியையும் கரைசேர்த்தனர். உயிர் ஒருவரிடமே இருந்தது. மதகு திறந்துகொண்டதால் பன்னிரண்டு ஊர்கள் பிழைத்தன.

தங்கள் இசைவோலை எழுபதாம் நாள் வந்தது. அதை எம்மிடம் நீட்டி, அவையில் முறைப்படி வாசிக்கவேண்டும் என்று மட்டும் விண்ணப்பித்தார். வாசிப்பித்தோம். 'கொற்றி என்னும் நங்கையை மணம் கொள்ள இசைந்தோம்' என்னுமிடத்தில் எழுந்து, தங்கள் நாட்டுத் திசை நோக்கி வணங்கினார். அவள் தந்தை தூணைப் பற்றிக்கொண்டு நின்றார்.

தம் பட்டத்தையும் உடைவாளையும் இத்துடன் தங்களுக்கு அனுப்பிவிட்டு, இப்போது அணைக்கரையில் மண் சுமக்கிறார். குற்றம் தம்முடையதே என்கிறார். அவ்வுடன்படிக்கைக்கு முத்திரையிட்டோர் தாங்களும் யாமுமே என்று சொல்லிப் பார்த்தோம், ஏற்கவில்லை. அவரைத் திரும்ப அழையாதிருக்க வேண்டுகிறோம்.

அவ்வரியை இன்றே நீக்கினோம். வெள்ளக்காலத்தில் எக்கரையாராயினும் எவரையும் கேளாது அணைமேல் ஏறுக. இஃது எம் ஆணை; தங்கள் ஆணையும் ஆகுக.

ஐப்பசித் திங்கள் தேய்பிறையில், எழுத்தரை விலக்கி எம் கையாலேயே எழுதி, நாரை முத்திரை பொறித்தோம்.