மூன்று முறை டிஸ்சார்ஜ் ஆனவனுக்கு

இன்று காலை பள்ளிகொண்டா பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையில் ஒரு ஜாங்கிரியை வைத்தார். "எங்கப்பாவ டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க சார், எடுத்துக்கோங்க" என்றார். பக்கத்தில் மெலிந்த பெரியவர் ஒருவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். வாங்கிக்கொண்டேன், தின்ன முடியவில்லை. ஆம்பூர் வந்து சேரும்வரை அது கையிலேயே பிசுபிசுத்தது. நீ போய் நாலு வருஷம் ஆகிறது. அந்த வார்த்தையை இன்னும் என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

முதன்முதலில் அதை எனக்குக் காட்டியவன் நீதான். சண்டை முடிந்து பர்மாவிலிருந்து வந்தவன், தகரப்பெட்டியை வீட்டில் இறக்கிவைத்த கையோடு என்னைத் தேடி வந்தாய். நம் தெருவில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். பட்டாளத்தில் கொடுத்த சின்னப் புத்தகத்தை நீட்டினாய்.

"இன்னா போட்டுக்கிறான், படிச்சி சொல்லு."

"டிஸ்சார்ஜ்னு போட்டிருக்கு. உன்ன விடுவிச்சிட்டாங்க. இனிமே நீ யாருக்கும் சல்யூட் அடிக்க வேணாம்."

அந்த வார்த்தையை நீ இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாய். "நல்லா இருக்குதுபா" என்றாய்.

அப்புறம் இருவரும் ஒரே தோல் கம்பெனியில் சேர்ந்தோம். எனக்கு ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. உனக்குச் சுண்ணாம்புக் குழி. பச்சைத்தோலை ஊறப்போட்டு முடி கழற்றுகிற அந்தக் குழியில் நின்று நின்று உங்கள் எல்லோருக்கும் கால் வெடித்து ரத்தம் கசிந்தது. ஒருநாள் நீ பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் முன்னால் வந்து நின்றாய். "பட்டாளத்துல சேத்துல நிக்கவே பூட்ஸ் குடுத்தாங்க சார். இங்க சுண்ணாம்புல வெறுங்கால்ல நிக்கிறோம்."

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அவன அனுப்பிடு, லெட்டர் அடி" என்றார். டிஸ்மிஸ் என்று அடிக்கலாம், டெர்மினேட் என்று அடிக்கலாம். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். டிஸ்மிஸ் என்று போட்டால் தப்புப் பண்ணித் துரத்தப்பட்டவன் என்றாகிவிடும், வேறு கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள். அதனால் டிஸ்சார்ஜ் என்று அடித்தேன். உனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி கேட்டருகே லெட்டரைப் பிரித்த நீ அந்த ஒரு வார்த்தையை உருவம் பார்த்தே கண்டுபிடித்தாய்.

"என் புக்குல இருக்கிறதுதான இது? பட்டாளம்னா போனது போனதுதான். இங்க இன்னா ரைட்டரே, திரும்பக் கூப்புடுவாங்களா?"

மேனேஜர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்ச நாள் வீட்ல இரு. கூப்புடுவாங்க" என்றேன்.

நீ நம்பினாய். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து கேட்டாய். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறு மாதம் கழித்து யாரோ சொல்லி நீ தொழிலாளர் சங்கத்துக்குப் போனபோது, "அப்பவே வந்திருந்தா எதாச்சும் பண்ணியிருக்கலாம், இப்ப இன்னா பண்றது" என்று கையை விரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் நீ கேட்டுப் பக்கம் வரவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினாய். இருமல் வந்தது, பிறகு இருமலில் ரத்தம் வந்தது. உன் மனைவி மரகதம் உன்னை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "அண்ணா, அவர டிஸ்சார்ஜ் பண்றாங்களாம்! நீங்களும் வாங்க, இட்டுனு வந்துடலாம்." அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். இரண்டு நுரையீரலும் போய்விட்டது, செய்வதற்கு இனி எதுவுமில்லை, கடைசி நாட்களில் வீட்டு மனுஷர்களோடு இருக்கட்டும். சீட்டைப் பார்த்தேன். க்யூர்டு, ரிலீவ்டு, அதர்வைஸ் என்று மூன்று இருந்தது. குணமானவன் ஒன்று, கொஞ்சம் தேறியவன் ஒன்று, இரண்டிலும் சேராதவன் ஒன்று. உன் கோடு மூன்றாவதில் விழுந்திருந்தது.

நீ சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தாய். மரகதம் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா எழுதிக்கிறாங்க?"

"வீட்டுக்குப் போலாம்னு."

என்னை ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு அவள் காதில் விழாதபடி கேட்டாய்: "அன்னிக்கி கேட்டாண்ட சொன்னியே, அந்த மாதிரியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அவகிட்ட சொல்லாத" என்று சொல்லிவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தாய்.

பத்தொன்பது நாள் இருந்தாய். தினமும் சாயந்திரம் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுப்பேன். நீ கண்ணை மூடிக்கொள்வாய்.

நான் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். இப்போது யாருக்காவது அப்படி லெட்டர் அடித்தால், கையில் கொடுக்கும்போதே தமிழில் சொல்லிவிடுகிறேன்: "உன்ன வேலைய விட்டு எடுத்துட்டாங்க. இன்னிக்கே சங்கத்துக்குப் போ." போன மாதம் ஒருவன் அன்றைக்கே ஓடினான். சங்கத்துக்காரர்கள் மனு கொடுத்தார்கள், பேசிப் பார்த்தார்கள். அவனை வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை. அதைக் கேட்டதும், சொல்லியிருந்தாலும் உனக்கும் இதேதான் நடந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் என் மனசு லேசாயிற்று. அந்த ஒரு நிமிஷத்துக்காக என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

அவன் தெரிந்து தோற்றான். உன்னையோ ஆறு மாதம், வாராவாரம் தலை சீவி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் வந்து நிற்க வைத்தேன்.