முந்திக்கொண்ட பாராட்டு

அன்பு மகள் ரிஹாபுக்கு, டியர்பார்னிலிருந்து அப்பா எழுதுவது. இறைவன் கருணையால் நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று போனில் சொன்னாலும், சிட்னியிலிருந்து உன் கையெழுத்து வந்தால்தான் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்குகிறது.

முதலில் நல்ல செய்தி. ஞாயிறன்று உன் சித்தப்பா மகன் வதீயின் கல்யாணத்தில் பாடிவிட்டேன். தொண்டை ஆபரேஷன் ஆகி ஏழு மாதம், பேச்சு திரும்பியது, பாட்டு திரும்புமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. சிரியாவின் அலெப்போவிலிருந்து ஊத் வாத்தியம் ஒன்றோடு அமெரிக்காவுக்கு வந்து, பகலில் கார் தொழிற்சாலையில் கதவு மாட்டி, வாரக் கடைசியில் கல்யாணம் கல்யாணமாகப் பாடி முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியவன் நான். பாட்டும் போய்விட்டால் இந்த ஊரில் நான் யார் என்று பயந்துகொண்டே இருந்தேன், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மேடையில் ‘யா லைல்’ என்று இரவைக் கூப்பிட்டு ஓர் இழுப்புதான் இழுத்தேன், அதற்குள் வதீயின் தம்பிமார் ‘அல்லாஹ், அல்லாஹ்’ என்று கத்தித் தீர்த்துவிட்டார்கள். பாடுகிறவன் சுரங்களில் அலைந்து திரிந்து வீடு வந்து சேர்ந்த பிறகுதானே நம் ஆட்கள் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். பாதி வழியில் சொன்னால் அது பாராட்டு இல்லை, இரக்கம். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது, வாத்தியத்தைக் கீழே வைக்கப் போனேன். ரொட்டிக் கடை அபூ நஸ்ரி இருக்கிறாரே, என் பாட்டில் குறை சொல்லாமல் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டு எழுந்ததில்லை, அவர் முன் வரிசையிலிருந்து, “டேய், வாய மூடுங்கடா. மனுசன் இன்னும் கெளம்பவே இல்ல, அதுக்குள்ள வந்துட்டான்னு கத்துறீங்க” என்று ஓர் அதட்டு அதட்டினார். என்னிடம், “நீ பாடுப்பா, நல்லா இல்லேன்னா நானே எறங்கச் சொல்றேன்” என்றார். அதைக் கேட்டதும் வாத்தியத்தை மறுபடி மடியில் ஏற்றினேன். தந்திகளை ஒரு சுரம் இறக்கிக்கொண்டு, பழைய உச்சத்துக்கு ஆசைப்படாமல் கீழேயே சுற்றி வந்து சேர்ந்தேன். அபூ நஸ்ரி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ‘அல்லாஹ்’ என்றார். உடனே, “அந்த வரியத் திரும்பப் பாடு, நடுவுல அவசரப்பட்டுட்ட” என்றார். குறை சொல்லிவிட்டார், ரிஹாப். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே வரியை நாலு தடவை பாடினேன்.

பையன்களுக்குப் போன் போட்டுக் கத்தச் சொன்னது நீதான் என்று வதீ உளறிவிட்டான். கோபம் இல்லை அம்மா, ஆனால் இனி வேண்டாம். பத்து வயதில் என் பாட்டை நிறுத்தி இங்கே தப்பு என்றவள் நீ, இந்த ஏழு மாதமாக ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

காலையில் வெறும் காபியோடு வேலைக்கு ஓடாதே. உன் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாமல் இறைவன் காக்கட்டும். பாட்டை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், எங்கே சறுக்கினேன் என்று மறக்காமல் எழுது. எங்கும் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

மறுபடி பாடுகிற உன் அப்பா,
மாஹிர்