அம்மா கூப்பிட்டழுத பாட்டு

ஆவணி 9, சனிக்கிழமை

தவிலையும் சாக்சபோனையும் கலந்து நான் எழுதிய ஜாஸ் உருப்படியை, இன்று கொழும்புத்துறை மண்டபத்தில் எங்கள் குழு முதன்முதலாக முழுவதும் வாசித்தது. காணாமற்போன அண்ணனைக் கூப்பிட்டு அம்மா அழுத பாட்டுத்தான் அதன் உயிர். அக்காவிடம் கேட்காமலே அதைச் சேர்த்திருந்தேன். கடைசியில் ட்ரம்பெட்டுகள் முழங்கி முடிந்ததும் குழுவில் இருந்த பதினேழு பேரும் கைதட்டினார்கள்.

கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து கேட்ட அக்கா அழவில்லை.

"அம்மான்ரை பாட்டெண்டு விளங்கிச்சுது. ஏன் உப்பிடிக் கொண்டாட்டமா முடிச்சனீ? அண்ணை வந்திட்டாரே?"

"இல்லையக்கா."

"அப்ப?"

வீட்டுக்கு வந்து முடிவிலிருந்து ட்ரம்பெட்டுகளை வெட்டிவிட்டேன். ஒரு சாக்சபோன் மட்டும் அம்மாவின் வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. நாளைக்கு அக்காவைக் கேட்க வேண்டும்.