திட்டுவிளை வரை பஸ்ஸில் வந்தவன்

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

செவலை சுகமாக இருக்கிறான். நீ முதலில் கேட்பது அவனைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். கடை வாசலில் உப்புச் சாக்குப் பக்கத்தில் வாலைச் சுருட்டிப் படுத்துக் கிடக்கிறான். என் வீட்டுக்காரி சோறு வைத்தால் உடனே தின்கிறான். நான் வைத்தால், நான் உள்ளே போன பிறகுதான் வாய் வைக்கிறான்.

நீ ஆடியில் போய்ச் சேர்ந்தாய். அதற்குப் பிறகு நம் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டன. கடையில் நாள் முழுக்க அதுதான் பேச்சு. நானும் பேசுகிறேன். பேசிக்கொண்டே, வருகிற தை மாதத்துக்கு ஒரு நடைக்குத் திட்டம் போடுகிறேன். மலைமேல் நம் பாறைக்குத்தான். செவலையும் நானும்.

ஆனால் போன தையில் போட்ட திட்டத்தை முதலில் சொல்லி முடிக்காமல், புதுத் திட்டத்தைப் பற்றி உன்னிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

எஸ்டேட்டுக்கு உப்பும் கருவாடும் தலைச்சுமையாக ஏற்றிய காலத்தில் நாம் இராத்தங்கிய ஓடைப் பாறையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நீதான் கேட்டாய். நான் கடை வைத்து முதலாளியாகிவிட்டேன். நீ கடைசிவரை சுமடு தூக்கினாய். என் கடையில் வந்து உட்காரச் சொன்னதற்கு, உட்கார்ந்தால் முட்டு இன்னும் வலிக்கும் என்றாய்.

உன் குடிசையில் வைத்துப் பொட்டலம் கட்டும் தாளில் நான் எல்லாம் எழுதினேன். அவல், கருப்பட்டி, சுட்ட கருவாடு, இரண்டு கம்பளி, தீப்பெட்டி, அட்டை கடித்தால் தேய்க்கப் புகையிலை. நாய்க்கு என்ன என்று நீ கேட்டாய். நம் மிச்சத்தைத் தின்னும் என்றேன். அதற்குத் தனியாக ஒரு பொதி சோறு எழுது என்றாய். எழுதினேன். அதற்குப் பிறகு எழுதியதை உனக்கு வாசித்துக் காட்டினேன்.

"நீ வெள்ளனெ செவலையோட நடந்து போயிருண்ணே. நான் பஸ்ல வந்து திட்டுவிளையில சேந்துக்கிடுதேன்."

"ஏம்லே? கோட்டாத்துல இருந்து சேந்தே நடக்கலாம்லா?"

"கடைய தொறந்து ஆள இருத்திட்டு வரணும்லா."

நீ கொஞ்ச நேரம் செவலையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாய். "சரி மக்கா. பஸ்ல நாய்க்கு எடம் கெடையாது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வழிதான்" என்று சிரித்தாய்.

நடைக்குப் போன அன்றைக்குக் கடையைத் திறக்கவே இல்லை அண்ணே. கடைத்தெரு வழியாக, அழுக்குத் துண்டும் நாயுமாக வரும் உன்னோடு என்னைப் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று இருந்தது. ஊர் முகங்கள் முடிகிற இடத்தைக் கணக்காகப் பார்த்து, திட்டுவிளை என்று குறித்தவன் நான். அதற்காக நீ வலிக்கிற முட்டோடு அவ்வளவு தூரம் நடந்தாய். உனக்கு அப்போதே புரிந்திருக்கும், இல்லையா?

பஸ்ஸில் என் பக்கத்தில் திட்டுவிளை மில்காரர் வந்து உட்கார்ந்தார். என்னிடம் மொத்தமாக உப்பு வாங்குகிறவர். என்னோடேயே இறங்கினார். நீ புளியமரத்தடியில் நின்றாய். செவலை ஓடி வந்து என் வெள்ளை வேட்டியில் காலை வைத்தான். குடையால் அவன் விலாவில் குத்தித் தள்ளினேன்.

"யாருவே இது?" என்றார் மில்காரர்.

"சுமடு எடுக்க வந்த ஆளு" என்றேன். "நாயி அவனுக்கது."

என்னைத் தோளில் தூக்கி வளர்த்த உன்னை. உனக்குக் கேட்டது. என் கையிலிருந்த மூட்டையை வாங்கி, சும்மாட்டைத் தலையில் வைத்து, மூட்டையை அதன்மேல் ஏற்றி, பத்தடி பின்னால் நடந்து வந்தாய். மில்காரர் வீட்டுப் பக்கம் திரும்பிய பிறகும் அந்தப் பத்தடி குறையவில்லை. தடிக்காரன்கோணம் தாண்டி மலை ஏறும்போதும் குறையவில்லை. நான் நின்றால் நீயும் நின்றாய்.

பாறையில் தீ மூட்டினாய். புலி முதலில் நாயைத்தான் தூக்கும் என்று, அந்தக் காலத்தில் நாயை நடுவில் போட்டு ஆளுக்கொரு பக்கம் படுப்போம். அன்றைக்குச் செவலை என் பக்கம் வரவே மாட்டேன் என்றான். நீ பாறை இடுக்கைக் காட்டினாய்.

"முதலாளி உள்ள படுத்துக்கிடும். நாங்க வெளிய கெடக்கோம்."

என்னை அதுவரை லே என்றும் மக்கா என்றும்தான் கூப்பிட்டிருக்கிறாய். அந்த மரியாதையைக் கேட்டுக்கொண்டு, இரண்டு கம்பளியில் நல்லதைப் போர்த்திக்கொண்டு, நான் உள்ளேதான் படுத்தேன். தூங்கவும் செய்தேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நீ ஒரு தடவைகூட லே என்று கூப்பிடவில்லை. ஆடியில் பாயில் கிடந்தபோதும், "செவலைய பாத்துக்கிடும்" என்று அதே மரியாதையோடுதான் சொன்னாய். நான் சரி என்றேன். நான் சொல்ல வேண்டியது வேறு. சொல்ல எத்தனை நேரம் இருந்தது, ஏன் சொல்லவில்லை?

அதனால்தான் இதை அச்சில் கொடுக்கிறேன். மில்காரர் பத்திரிகை வாசிக்கிறவர். வாசிக்கட்டும்.

புதுத் திட்டம் இதுதான் அண்ணே. கடைத்தெரு நிறைந்திருக்கும் நேரத்தில் கடை வாசலிலிருந்து புறப்படுவது. மூட்டை என் தலையில். குடை கிடையாது. திட்டுவிளையில் மில்காரர் வாசலில் நின்று செவலைக்குத் தண்ணீர் கேட்பது. அன்றைக்கு மரத்தடியில் நின்றது என் கூடப்பிறந்த அண்ணன் என்று என் வாயால் சொல்வது. மலையில் செவலை பாறை இடுக்கில், நான் வெளியே.

செவலை என்னோடு வருவானா என்பதுதான் தெரியாமல் இருந்தது. நேற்று உன் சும்மாட்டை எடுத்துக் கடையில் வைத்தே தலையில் போட்டுப் பார்த்தேன். சரக்கு வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர், "என்ன முதலாளி, சுமடு எடுக்கப் போறீரா?" என்று கேட்டார். "ஆமா, எங்க அண்ணனுக்க தொழிலு" என்றேன். செவலை எழுந்து வந்து, தெருவில் பத்தடி முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்த்தான்.

சும்மாட்டைப் பார்த்துத்தான் எழுந்திருப்பான். எனக்கு அது போதும். தையில் அவன் முன்னால் நடப்பான். நான் பத்தடி பின்னால் வருவேன்.

நீ லே என்று கூப்பிட்டு வளர்த்த,
உன் தம்பி,
கோட்டாறு.