மயிர்க்கொட்டி தின்ற முருக்கு

புளியங்கூடல்,
ஊர்காவற்றுறை.
ஆவணி, வெள்ளிக்கிழமை பின்னேரம்

அன்புள்ள மகள் தர்சினிக்கு,

அம்மாளாச்சி புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் தம்பியும் ஆடுகளும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் பிரதாபனும், வயிற்றுக்குள் இருந்து உன்னை உதைக்கிற சின்ன ஆளும் அங்கே அதேபோலச் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் விளக்கடியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். தொலைபேசி இருக்க அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். தொலைபேசியில் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று முடிவுக்கு ஓடுவாய், அப்பா பின்னால் நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துவார், அதற்குள் லைன் அறுந்துவிடும். உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் அமலதாஸ் நாளைக்கு டென்மார்க் திரும்புகிறான். அவனிடம் சரக்குத்தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் கொடுத்துவிடுகிறேன், அவற்றோடு இந்தக் கடிதமும் வருகிறது. திங்கட்கிழமை தம்பி லவனுக்குக் கலியாணம், குசினி நிறையப் பலகாரம் சுடுகிற பெண்டுகள், நான் தலையிடி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், ஆகையால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கலியாணத்துக்கு வரமுடியாது, இந்த மாதத்தில் விமானத்தில் ஏறவேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார் என்று அறிவித்தாய் அல்லவா, அன்று லவன் கொழும்பிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்து, அக்கா இல்லாமல் தனக்குக் கலியாணம் வேண்டாம், நாளைத் தள்ளி வையுங்கள் என்று ஒரே பிடியாக நின்றான். உனக்கு இதை நாங்கள் சொல்லவில்லை. பெண் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது, மண்டபத்துக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தலை சுற்றியது. அவன் பேசியதிலும் நியாயம் இருக்கிறது, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டியவள் சகோதரிதானே, உனக்குப் பதிலாக யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அது கடன் வாங்கின ஆள்தான். அப்போது என் வாயில் ஒரு வார்த்தை வந்தது, எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அக்கா வராட்டி என்னடா, அவளின்ர கலியாணத்துக்கு நட்ட கன்னிக்கால் மரமாய் நிக்குது. அதில வெட்டின தடிதான் உன்ர கன்னிக்கால்" என்று சொன்னேன். உன் கலியாணப் பந்தலின் வடகிழக்கு மூலையில் ஊன்றிய முருக்கந்தடியை, பந்தல் பிரித்த கையோடு அப்பா எடுத்துக் கிணற்றடி வேலியோரம் நட்டாரே, அது இப்போது கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. லவன் "சத்தியமாவோ அம்மா" என்று கேட்டான். சத்தியம் என்றேன். சரி என்றான். நான் தொலைபேசியை வைத்துவிட்டுப் போய் அந்த மரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தச் சத்தியத்துக்கு வந்த சோதனையைக் கேள். ஆடி பிறந்த கையோடு முருக்கில் மயிர்க்கொட்டிப் புழு பற்றிவிட்டது. முதலில் இலையில் சல்லடை போல ஓட்டை, பிறகு நரம்பு மட்டும், பிறகு அதுவும் இல்லை. அடிமரத்தில் கறுப்பும் செம்மஞ்சளுமாகக் கும்பல் கும்பலாக அப்பிக்கொண்டு கிடந்தன, பார்க்கவே உடம்பு கூசும். பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் அக்காவின் உடுப்புக் கொடியில் இரண்டு மூன்று விழுந்து, அவ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய், பூசை முடியுமட்டும் நெளிந்துகொண்டு நின்றாவாம். வந்த வேகத்தில் வேலிக்கு மேலால் எட்டி, "சறோ, உந்த முருக்கைத் தறிச்சு விடு. இல்லாட்டி நான் ஆளைப் பிடிச்சுத் தறிப்பன்" என்றா. அப்பாவும் அவ பக்கம்தான். வேறெங்காவது ஒரு முருக்கந்தடி வெட்டிக்கொண்டு வரலாம், முருக்கு முருக்குத்தானே, லவனுக்குத் தெரியவா போகிறது என்றார். எனக்குத் தெரியுமே என்றேன். பந்தம் கொளுத்திப் பூச்சியைச் சுடப் பார்த்தார், பட்டை கருகும் என்று தடுத்தேன். கடையில் நஞ்சு வாங்கி அடிப்பம் என்றார், மரத்துக்குக் கீழே கிணறு, உதிர்கிற இலையைத் தின்பது ஆடுகள், அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன். அப்படியென்றால் நீரே பாரும் என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். கன்னிக்கால் என்றால் பச்சையாக, நேராக, இலையோடு இருக்கவேண்டும். மொட்டைத் தடியை நட்டு என் பிள்ளையின் கலியாணத்தைத் தொடங்க நான் சம்மதிக்கமாட்டேன்.

அந்த நாட்களில் நீ வீடியோவில் முருக்கைக் காட்டச் சொல்லி இரண்டு தரம் கேட்டாய். நான் ஒருமுறை ஆட்டுக்கொட்டில் பக்கமும் மற்றமுறை அப்பாவின் முகத்துக்கும் திருப்பினேன், இப்போது காரணம் விளங்கியிருக்கும்.

யூரியூப்பில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வீட்டிலேயே மருந்து செய்யச் சொல்லிக்கொடுத்தார். வேப்பங்கொட்டையை இடித்துத் துணியில் முடிந்து இரவு முழுக்க ஊறவைத்து, உள்ளிப்பூடும் பச்சை மிளகாயும் அரைத்துப் பிழிந்து, சவர்க்காரம் கரைத்து, வேப்பெண்ணெய் விட்டுக் கலக்கி வடித்து அடிக்கவேண்டும். எல்லாம் சொன்னபடி செய்தேன். வெங்காயத்துக்கு மருந்தடிக்கிற முதுகு டாங்கி ஒன்றை இரவல் வாங்கி, பழைய நஞ்சு போகக் கழுவிக் கழுவிக் கை தோலுரிந்தது. ஆனால் தண்ணீரை மட்டும் கிணற்றில் அள்ளினேன். குடிக்கிற தண்ணீரை வவுசர் லொறி வருமட்டும் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற தீவுப்பகுதிப் பெண்ணுக்கு, அதைப் பூச்சிக்கு ஊற்ற எங்கே கை வரும். எங்கள் கிணறு எவ்வளவு உவர் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை, அதில் தோய்த்தால் சவர்க்காரம் நுரைக்காது என்று நீ சின்னனிலேயே அழுதனீ. அது தெரிந்தும் என் கை பழக்கத்தில் கிணற்றுக்குத்தான் போனது. யூரியூப்காரருக்கு என்ன, அவருடைய ஊரில் நல்ல தண்ணீர். இங்கே சவர்க்காரம் திரிந்து கட்டி கட்டியாக அடியில் போய்விட்டது, எண்ணெய் தனியாக மேலே நின்றது, நான் அதைக் கவனியாமல் நல்ல வெயில் நேரத்தில் ஏணியில் ஏறி அடித்தேன். மறுநாள் பார்த்தால் மயிர்க்கொட்டி சுகமாக இருக்கிறது, அது தின்னாமல் விட்ட கொஞ்ச இலை எண்ணெய் பட்டுப் பொரிந்து கிடக்கிறது. அப்பா வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "மயிர்க்கொட்டி விட்ட மிச்சத்தை நீர் முடிச்சுப் போட்டீர்" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கோ அழுகை வந்துவிட்டது. குசினிக்குள் போய் வெங்காயம் உரிக்கிற சாட்டில் அழுதேன், மகனுக்குச் சத்தியம் பண்ணிவிட்டு மரத்தை நானே கொன்றுவிட்டேனே என்று.

அடுத்த நாள் விடிய எழும்பினால் அப்பாவையும் காணவில்லை, மோட்டார் சைக்கிளையும் காணவில்லை. நஞ்சு வாங்கத்தான் போய்விட்டார் என்று நினைத்து, வந்தால் என்னென்ன சொல்வது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறமுன்னம் வந்தார். சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான் கட்டியிருந்தது. மண்கும்பானில் தன் ஒன்றுவிட்ட தம்பி வீட்டு நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். இறக்கி வைத்துவிட்டு, "இது குடிக்கிறதுக்கில்லை. உம்மட முருக்குக்கு" என்றார். பிள்ளை, கலியாணம் கட்டின நாளிலிருந்து இந்த மனிதர் எனக்கு எத்தனையோ வாங்கித் தந்திருக்கிறார், அந்த இரண்டு கானைப் போல எதுவும் என்னைச் சந்தோஷப்படுத்தவில்லை. நான் எடுத்து வைத்த பேச்செல்லாம் வீணாய்ப் போனது.

அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் பொங்கி நுரைத்தது, எண்ணெய் விட்டதும் பால் போல ஒன்றாய்க் கலந்தது. இந்த முறை ஒரு கிளையில் மட்டும் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்தோம், கருகவில்லை. பிறகு வெயில் தணிய அப்பா டாங்கியை முதுகில் கொழுவிக்கொண்டு, இலையின் அடிப்பக்கமும் அடிமரமும் நனைய அடித்தார். மயிர்க்கொட்டி உடனே சாகவில்லை. ஆனால் தின்பதை விட்டுவிட்டது, இரண்டொரு நாளில் சுருண்டு சுருண்டு விழுந்தது. கிழமைக்கு ஒருக்கால், மண்கும்பான் போவதும் தண்ணீர் கொண்டுவருவதும் அடிப்பதும் அப்பாவின் வேலையாகிவிட்டது, என்னை ஏணியில் ஏற விடவில்லை. ஒருநாள் அடித்த கையோடு சட்டையையும் மாற்றாமல் ஊர்காவற்றுறைக்குப் பெண் வீட்டுக்கு மண்டப அலுவல் பேசப் போய்விட்டார். மணப்பெண் கம்சிகாவின் தாய் பாவம், அந்த உள்ளி மணத்தில் இவருக்கு வாய்வு வருத்தமாக்கும் என்று நினைத்து இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாவாம். இவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு வந்திருக்கிறார். கறுப்பி ஆடு அந்த இலையை மணந்து பார்த்துத் தும்மிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தது, அதற்குப் பிறகு பூவரசங்குழைதான் வேண்டுமாம். சின்னத்தங்கம் அக்கா தறிக்கிற கதையை விட்டுவிட்டுத் தன் வளவு வேப்பங்கொட்டை முழுவதையும் கூட்டி அள்ளிக் கடகத்தோடு தந்தா, தந்துவிட்டுத் தன் தேசிக்காய் மரத்துக்கும் ஒரு வாளி மருந்து வாங்கிக்கொண்டு போனா. நீயும் பல்கணியில் தக்காளி வைத்திருப்பதாகச் சொன்னாய், பூச்சி வந்தால் சவர்க்காரத் தண்ணீரை முதலில் ஒரு இலையில் மட்டும் அடித்துப் பார், வெயிலில் அடிக்காதே. வாளி தூக்குவது மருமகனின் வேலை, நீ குனியக்கூடாது.

ஆடி முடிய முருக்கு தளிர்த்தது. முதலில் கணுவில் ஒரு பச்சைப் பொட்டு, அதை நான் வேறு யாருக்கும் சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன், சொன்னால் கண்படும் என்று பயம். மூன்றாம் நாள் சொல்ல வாயெடுத்தால் அப்பாவும் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். பிறகு மளமளவென்று வந்தது. லவன் புதன்கிழமை வந்திறங்கினதும் பையையும் வைக்காமல் நேரே கிணற்றடிக்குத்தான் போனான். பட்டையில் கிடந்த தழும்பையும் ஓட்டை இலையையும் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டான், எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவனுக்கு. நேற்றுத் தாலிக்கான பொன்னுருக்கு முடிந்ததும் தடியைத் தானே தெரிந்தெடுத்துக் காட்டினான், உங்கள் தாய்மாமன் வெட்டினார்.

அந்த நேரம் அமலதாஸ் தொலைபேசியைப் பிடித்து உனக்குக் காட்டிக்கொண்டு நின்றான். தடியை மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, குழியில் இறக்குவது மட்டும் நீ பார்த்திருப்பாய், பிறகு லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் பிள்ளை இவ்வளவும் எழுதினேன். ஐயர் பால் செம்பை எடுத்து, "மாப்பிள்ளையின்ர சகோதரி ஆர், வரச்சொல்லுங்கோ" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றுவிட்ட பிள்ளைகள் யாராவது ஊற்றட்டும் என்று சின்னத்தங்கம் அக்கா மெல்லச் சொன்னா. அதற்குள் லவன் எழும்பி ஐயரின் கையிலிருந்த செம்பை வாங்கினான். மாப்பிள்ளை ஊற்றுகிற வழக்கம் இல்லைத் தம்பி என்று ஐயர் தடுத்தார். லவன், "நான் ஊத்தேல்லை ஐயா. அக்காதான் ஊத்துறா. கை மட்டும் என்ர" என்றான். ஐயர் அவனையும் பார்த்தார், தடியையும் பார்த்தார், பிறகு மந்திரத்தைத் தொடங்கினார். உன் பங்குப் பாலை உன் தம்பி ஊற்றினான் தர்சினி, அது உன் முருக்கின் தளிரிலிருந்து வழிந்து குழிக்குப் போனது. அப்பா கிணற்றுப் பக்கம் திரும்பி நின்று சால்வையால் முகத்தைத் துடைத்தார். நான் மறைக்கவில்லை, எல்லாருக்கும் முன்னால் நின்று அழுதேன், அவ்வளவும் சந்தோஷம்.

நீயும் உன் பிள்ளையும் இரண்டு உயிராகச் சுகமாகப் பிரிந்து, நிறைந்த ஆயுளோடும் நிறைந்த கையோடும் இருக்க அம்மாளாச்சி துணை நிற்பா. மருமகனுக்கும் எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல்லு. சரக்குத்தூள் பிள்ளை பிறந்த பிறகுதான், இப்போதே ஆசைப்பட்டுக் கறியில் போட்டுவிடாதே. திங்கட்கிழமை தாலி கட்டுகிற நேரம் உனக்கு அங்கே விடியற்காலை, தொலைபேசியை இரவே சார்ஜில் போட்டுவிட்டுப் படு, முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து இரு, மாப்பிள்ளையின் தமக்கை நீ.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
மு. சறோஜினிதேவி