எங்கள் ஊரில் இல்லாத ஆறு

மஸ்கெலியா

அன்புள்ள அப்பா,

நான் சுகம். உங்கள் இருமலும் அம்மாவின் முழங்கால் நோவும் குறைந்ததா? இங்கே குளிர்தான், பழகிவிட்டது.

நேற்று தரம் ஐந்துக்கு நீர் வட்டம் படிப்பித்தேன். மலையில் பெய்யும் மழை ஆறாகிக் கடலுக்குப் போவதைக் கரும்பலகையில் கீறிக் காட்டினேன். ஜீவராணி என்ற பிள்ளை எழும்பி, "ஒங்க ஊருல ஆறு எந்த எடத்துல கடல்ல சேருது டீச்சர்?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் அப்படி ஆறு இல்லை, கிணறுதான் என்றேன்.

"அப்ப எங்க மலைத் தண்ணி ஒங்க வீட்டுக்கு வரவே வராதா?"

கடலில் கலந்து மேகமாகி வரலாம் என்று இழுத்தேன்.

"வருமா, வராதா டீச்சர்?"

எனக்கே தெரியவில்லை அப்பா. எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது? குடித்து வளர்ந்தேனே தவிர யோசித்ததில்லை.

இவ்வளவு நல்ல தண்ணீர் போய்ச் சேரும் கடல் உப்பாக இருக்கும் என்பதையும் பிள்ளைகள் நம்பவில்லை. லீவு முடிந்து இங்கே திரும்பும் எங்கள் பள்ளிக்கூடத்துத் தவமணி ரீச்சரிடம் ஒரு போத்தல் கடல் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரும் ஒரு போத்தல் வேண்டும். அது பிள்ளைகளுக்கு இல்லை.

மணி அடிக்கிறது, வகுப்புக்குப் போகிறேன்.

மகள்
சிவகௌரி