லீவர் இலகுவாக இருக்குமா?

என் பல்லுக்காரிக்கு,

குழாய்க்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், கடையும் நலம், சுவரில் தொங்கும் உன் சைக்கிளும் நலம். உன் நலத்தைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் சுற்றிவளைத்துத்தான் அங்கே வந்து சேர்வேன், பொறுத்துக்கொள்.

முதலில் ஒரு மன்னிப்பு. உன் சைக்கிளில் இருக்கும் பழைய குரூப்செட்டே போதுமா, இல்லை கியர், செயின், லீவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் செட்டுக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தாய். நான் மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன். கேபிள் கியர் என்றால் கேபிள் அறுந்தாலும் எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். எலக்ட்ரானிக் என்றால் பேட்டரி தீர்ந்த இடத்தில் நின்று முழிக்க வேண்டும். பின்சக்கரத்தில் பதினொரு பல்சக்கரம் பன்னிரண்டானால் நமக்குக் கால் ஒன்றும் மூன்றாகிவிடாது. எடையில் இருக்கும் வித்தியாசத்தைக் காலைச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளலாம். ஆகவே மாற்ற வேண்டாம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். எழுதி முடித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

நீ போட்ட பதிலில் எடை பற்றி ஒரு சொல் இல்லை, விலை பற்றியும் இல்லை. "அதெல்லாம் சரி, லீவர் இலகுவா இருக்குமா?" என்று ஒரே ஒரு வரி. முந்தைய இரண்டு கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் ஓர் ஓரத்தில் இதே கேள்வி உட்கார்ந்திருந்தது.

முப்பது வருஷமாகக் குழாய் விற்கிறேன். கை வலிக்கிறவர்கள் யாரும் என் கடையில் வந்து கை வலிக்கிறது என்று சொன்னதில்லை. திருகு குழாயைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு முறை திருப்புவார்கள். பிறகு மெதுவாக லீவர் குழாய்ப் பக்கம் நகர்ந்து, "இந்த டிசைன்தான் நல்லா இருக்கு" என்பார்கள். நானும் டிசைனைப் பாராட்டிவிட்டு லீவர் குழாயையே கட்டிக் கொடுப்பேன். வாடிக்கையாளரின் விரலைப் பார்த்து வியாபாரம் செய்கிறவன், பெண்டாட்டி விரலைக் கோட்டைவிட்டேன்.

போதாததற்கு, உன் கடைசி மூன்று கடிதங்களும் தட்டச்சில் வந்தவை. நேரமில்லை என்று எழுதியிருந்தாய், நம்பினேன். அங்கே அந்தப் பல் செய்யும் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கச் சின்ன டிரில்லைப் பிடித்து ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்கிறாய். அந்த அதிர்வு கடைசியில் எந்தக் கைக்குள் போய்ச் சேரும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

சரி, யோசித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. உன் சைக்கிளை இறக்கி, நம் மெக்கானிக் அம்மாவிடம் கொண்டுபோனேன். நீ விட்டுப்போன ஒரு ஜோடிக் கையுறையையும் எடுத்துக்கொண்டேன், அளவுக்கு. அவள் எலக்ட்ரானிக் லீவர் ஒன்றை மேஜையில் வைத்து அழுத்தச் சொன்னாள். கம்ப்யூட்டர் மவுஸைத் தட்டுவது போல இருந்தது. உன் பழைய லீவரையும் தள்ளிப் பார்த்தேன். குழாய் திருகிப் பழகிய என் விரலுக்கே அது ஒரு வேலைதான். உனக்கு எழுதிய மூன்று பக்கத் தீர்ப்பை அந்த இடத்திலேயே மனசுக்குள் கிழித்துப் போட்டேன். உடனே மாட்டிவிடச் சொன்னேன்.

அவள் அசையவில்லை. "கியருக்கு விரல் நுனி போதும்ணே. பிரேக்குக்கு? இறக்கத்துல கையால இறுக்கிப் புடிக்கணுமே" என்றாள். உள்ளே எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக்தான் அப்படிப்பட்ட கைக்குச் சுகமாம். உன் பழைய ஃபிரேமில் அதை மாட்ட இடமே இல்லையாம். அப்படியானால் புது சைக்கிளே எடுத்துவிடுவோம் என்றேன். பார்த்திருக்கிறாயே என் அவசரத்தை! "எடுக்கலாம். ஆனா லீவர் கைக்கு எவ்வளவு கிட்ட இருக்கணும்னு திருகி வெக்கணும், எந்த விரல்ல வலின்னு தெரியணும்" என்றாள். நான் பெருமையாகக் கையுறையை எடுத்து நீட்டினேன்.

அவள் அதை வாங்கவே இல்லை. "கையுறைக்கு வலி தெரியுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள். கையுறையைப் பையில் போட்டுக்கொண்டு, உன் சைக்கிளை உருட்டியபடி வீடு வந்து சேர்ந்தேன்.

ஞாயிறுதோறும் நீர்த்தொட்டி மேடு வரை தனியாகத்தான் போய் வருகிறேன். நீ முன்னால் போகையில் மேடு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பே உன் கியர் 'டக்' என்று விழும். அதைக் கேட்டுத்தான் நான் என் கியரை மாற்றுவேன். மேடு எங்கே தொடங்குகிறது என்று எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. வாரா வாரம் கனமான கியரிலேயே போய் முட்டி, பாதியில் இறங்கி உருட்டுகிறேன். போன வாரம் ஒரு பெரியவர் நடந்தே என்னைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார்.

இன்னும் இரண்டு வருஷத்துக்கு அங்கேயே வேலை ஒப்பந்தத்தை நீட்டச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். "உன் இஷ்டம்" என்று பெருந்தன்மையாக எழுதினேன். அது பொய். சரக்கு விற்கக்கூட நான் அவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை. உன் வேலை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும்; அதனால்தான் வலியை என்னிடம் சொல்லாமல் லீவரைப் பற்றிக் கேட்கிறாய் என்றும் தெரியும். பல் செய்ய ஊரில் வேறு ஆள் கிடைப்பார்கள். உன் விரல்களுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது. நாளைக்கே ஒரு மருத்துவரிடம் காட்டு. இது மட்டும் உன் இஷ்டம் இல்லை.

குரூப்செட் விஷயத்தில் என் முடிவு இதுதான்: இப்போதைக்கு எதையும் வாங்கப்போவதில்லை. உன் சைக்கிளை மறுபடி சுவரிலும் மாட்டவில்லை. கூடத்தில் என் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கிறது, போகவர இடித்துக்கொள்கிறேன். நிற்கட்டும்.

உன் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். அங்கே எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதானாலும், அதற்கு முன்னால் எனக்கு இரண்டு வரி கையால் எழுதிப் போடு. கோணலாக இருந்தால் இருக்கட்டும். முடியாவிட்டால் ஒரு கோடு போட்டு அனுப்பு, அதுவும் எனக்குப் படிக்கத் தெரியும்.

உன் வரவை,
இல்லை, உன் பதிலை எதிர்பார்க்கும்,
குழாய்க்காரன்